ஏலாது எண்டு சொல்ல ஆளில்லாத நாடு

"கள்ளர் சேந்து நாட்டை அடிச்சுத் திண்டுட்டாங்கள்." 2022க்குப் பிறகு இலங்கையில ஆரைக் கேட்டாலும் முதல் வாற கதை இதுதான், சலூனில, பஸ்ஸில, கலியாண வீட்டுப் பந்தியில, எல்லா இடத்திலயும். எனக்கும் அதில மறுப்பில்லை, அடிச்சவங்கள்தான். ஆனா நாலு வருசமா அங்க இஞ்ச எண்டு வாசிச்சு வாசிச்சு எனக்கு ஒரு விசயம் உறுத்திக்கொண்டே இருக்கு. களவெடுத்த காசை மட்டும் கூட்டிப் பாத்தா ஒரு நாடு டீசல் வாங்கக் காசில்லாமல் படுக்கிற அளவுக்குக் கணக்கு வராது. அந்தக் களவுகளுக்குப் பக்கத்தில வேற ஒரு வேலையும் நெடுக நடந்துகொண்டு இருந்தது, அதைப் பற்றிக் கதைக்கிறது குறைவு, ஏனெண்டா அதில பெட்டி இல்லை, காசு இல்லை, படம் எடுத்துப் போடவும் ஒண்டும் இல்லை.

சீனியில இருந்து தொடங்குவம். 2020 ஒக்டோபர் 13ஆம் திகதி ஒரு வர்த்தமானி, அதாவது அரசாங்க அறிவித்தல், வருது. இறக்குமதிச் சீனிக்குக் கிலோவுக்கு 50 ரூபாவா இருந்த விசேட பண்ட வரி 25 சதம் ஆகுது. அச்சுப் பிழை இல்லை, ஐம்பது ரூபாவில இருந்து இருபத்தைஞ்சு சதம்தான். சனத்துக்கு மலிவாச் சீனி கிடைக்கோணும் எண்டது சொன்ன காரணம். கடையில விலை அந்த அளவுக்கு இறங்கேல்ல, பிளேன்ரீக்குச் சீனி போடுற எல்லாருக்கும் அது தெரியும். அரசாங்கத்துக்கு வரவேண்டிய வரியில போனது 15 பில்லியன் ரூபாவுக்கு மேல எண்டு பிறகு பாராளுமன்றத்தின்ர நிதிக் குழுவே கணக்குச் சொன்னது. போன காசு சனத்திட்ட வரேல்ல எண்டா வேற எங்க போயிருக்கும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை. இதில பகிடி என்னெண்டா எல்லாம் சட்டப்படி, கையெழுத்து இருக்கு, இலக்கம் இருக்கு, வர்த்தமானி இருக்கு. (2023 நவம்பரில அதே வரியை ஒரே இரவில திருப்பி 50 ரூபா ஆக்கிச்சினம், அப்ப 25 சதம் கட்டி இறக்கின சீனி ஸ்டோரில அடுக்கி வைச்சிருந்தவைக்கு அண்டைக்கும் நல்ல நித்திரை.)

சரி, ஐம்பது ரூபாவை இருபத்தைஞ்சு சதம் ஆக்கேக்க "இது ஏலாது, கணக்கைக் காட்டுங்கோ" எண்டு கேக்க ஒரு ஆள் இருந்திருக்கோணுமே? அந்த வர்த்தமானி வந்து ஒன்பதாவது நாள், ஒக்டோபர் 22ஆம் திகதி, பாராளுமன்றத்தில 20ஆவது திருத்தம் நிறைவேறுது. ஆதரவா 156 பேர், எதிரா 65 பேர், எதிர்க்கட்சியில இருந்தே சிலர் கையைத் தூக்கிச்சினம், அதில எங்கட சிறுபான்மை எம்பிமாரும் இருந்தவை. அந்தத் திருத்தம் என்ன செய்தது எண்டு பாத்தால் பெரிய நியமனங்களுக்குச் சம்மதம் சொல்லுற அரசியலமைப்புப் பேரவையைத் தூக்கிப்போட்டு, அந்த இடத்தில ஜனாதிபதிக்கு அபிப்பிராயம் மட்டும் சொல்லக்கூடிய ஒரு பாராளுமன்றப் பேரவையை வைச்சுது, நீதியரசர், பொலிஸ் மா அதிபர், சட்டமா அதிபர், தேர்தல் ஆணைக்குழு எண்டு எல்லா நியமனமும் ஒரே ஆளின்ர கைக்குப் போச்சுது, கணக்காய்வுச் சேவை ஆணைக்குழுவும் தேசிய பெறுகை ஆணைக்குழுவும் அடியோட இல்லாமல் போச்சுது. பெறுகை எண்டா வேற ஒண்டுமில்லை, அரசாங்கம் சாமான் வாங்கேக்க, கொந்தராத்துக் குடுக்கேக்க, விலை சரியோ, ஆளைப் பாத்துக் குடுக்கினமோ எண்டு பாக்கிற இடம். அதைப் பூட்டிப் போட்டினம். இரட்டைக் குடியுரிமை உள்ளவையும் பாராளுமன்றம் வரலாம் எண்டு ஒரு கதவைத் திறந்து விட்டினம், அது ஆருக்காக எண்டு எல்லாருக்கும் தெரியும், அடுத்த வருசம் ஜூலையில ஜனாதிபதி கோட்டாபயவின்ர தம்பி பசில் ராஜபக்ச வந்து நிதியமைச்சர் ஆனார்.

இது முதல் தரமும் இல்லை. இந்த ஆணைக்குழுக்களை நியமிக்கிற அதிகாரத்தை ஒரு ஆளின்ர கையில இருந்து எடுத்து ஒரு பேரவைக்குக் குடுத்தது 2001இல 17ஆவது திருத்தம், அதைத் திருப்பி ஜனாதிபதிக்குக் குடுத்து, போனஸா எத்தினை தரமும் ஜனாதிபதியா நிக்கலாம் எண்டும் சேத்தது 2010இல 18ஆவது, அதைத் திருப்பி எடுத்தது 2015இல 19ஆவது, அதையும் திருப்பினது 20ஆவது, நாடு விழுந்தாப் பிறகு 2022இல 21ஆவது வந்து திரும்பவும் பேரவைக்கு. இருபது வருசத்தில அஞ்சு தரம். இப்பிடி ஒரு நாட்டில திணைக்களத்தில இருக்கிற ஒரு நேர்மையான அதிகாரியின்ர இடத்தில இருந்து யோசிச்சுப் பாருங்கோ. இண்டைக்கு நீங்கள் துணிஞ்சு "ஏலாது" எண்டு எழுதிக் குடுக்கலாம், ஆனா அடுத்த தேர்தலோட உங்கட கதிரைக்கு என்ன நடக்கும் எண்டு தெரியாது. பிள்ளைகுட்டிக்காரன் பேனையை மூடி வைப்பான். நான் அவனைக் குறை சொல்லமாட்டன்.

பேனையை மூடாட்டி என்ன நடக்கும் எண்டும் எல்லாரும் பாத்தவை. 2012இல திவிநெகும எண்டு ஒரு சட்டமூலம், பசிலின்ர அமைச்சுக்குக் கன காசும் கன அதிகாரமும் போற சட்டமூலம். மாகாண சபைகளின்ர அதிகாரத்துக்குள்ள கை வைக்கிறபடியால் எல்லா மாகாண சபையின்ர சம்மதமும் வேணும் எண்டு உயர் நீதிமன்றம் சொல்லிச்சுது. அந்தநேரம் வடக்கில சபையே இல்லை, ஆளுநர்தான் இருந்தவர், ஆளுநர் சபைக்குப் பதிலாத் தலையாட்ட ஏலாது எண்டும் வந்துது. கொஞ்ச நாளில பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிராக் குற்றப் பிரேரணை, 2013 ஜனவரியில ஆள் வீட்டுக்கு. அவவின்ர கதிரைக்கு வந்தவர் அதுக்கு முதல் மந்திரிசபைக்குச் சட்ட ஆலோசகரா இருந்தவர். நாட்டின்ர முதலாவது நீதிபதிக்கே இதுதான் கதி எண்டால் இறைவரித் திணைக்களத்தில இருக்கிற ஒரு பிரதி ஆணையாளர் என்ன செய்வார்?

இதெல்லாம் ராஜபக்சக்களின்ர வேலை மட்டும்தானே எண்டு நினைக்கிற ஆக்களுக்கு 2015 பெப்ரவரி 27 ஞாபகம் இருக்கோணும். நல்லாட்சி எண்டு சொன்ன மைத்திரி-ரணில் அரசாங்கம் வந்து ரெண்டு மாசம்கூட ஆகேல்ல. மத்திய வங்கி 1 பில்லியன் ரூபாவுக்கு 30 வருசப் பிணைமுறி (அரசாங்கம் கடன் வாங்க விக்கிற பத்திரம்) ஏலம் விடுறன் எண்டு அறிவிச்சுப்போட்டு, கடைசியில 10 பில்லியனுக்கு மேல எடுத்துது. பெரிய பங்கு போனது பெர்பெச்சுவல் ட்ரெஷரீஸ் எண்ட கொம்பனிக்கு. மத்திய வங்கி ஆளுநர் அர்ஜுன மகேந்திரன், கொம்பனிக்காரர் அவற்ற மருமகன் அர்ஜுன் அலோசியஸ். இப்பிடி ஒரு கதையை நாடகத்துக்கு எழுதினால் நம்பேலாது எண்டு கிழிச்சு எறிவினம். ஜனாதிபதி ஆணைக்குழு போட்டு, விசாரிச்சு, 2017 டிசம்பர் கடைசியில அறிக்கை குடுத்தது, கொம்பனி முறையில்லாமல் உழைச்சது 11 பில்லியன் ரூபாவுக்கு மேல எண்டு கணக்கு வந்துது. மகேந்திரன் சிங்கப்பூர்ப் பிரஜை, அங்கயே இருந்திட்டார், நாடு கடத்தச் சொல்லி இலங்கை கேட்டுக் கேட்டுக் களைச்சுப் போச்சுது.

இந்தக் கதையில ஆக்கள் வடிவாக் கவனிக்காத ஒரு பாத்திரம் இருக்கு, இபிஎஃப். ஊழியர் சேமலாப நிதி. சம்பளத்தில 8 சதவீதம் எங்களிட்ட இருந்து வெட்டி, முதலாளி 12 சதவீதம் போட்டு, ஓய்வு பெறேக்கக் கிடைக்கிற காசு. தனியார் துறையில வேலை செய்யிற ஆக்களுக்கு வேற பென்சன் எண்டு ஒண்டும் இல்லை, இதுதான். மலையகத்தில கொழுந்து எடுக்கிற அம்மாமாருக்கும் இதுதான், அவையின்ர நாட்சம்பளம் ஆயிரம் ரூபா ஆனதே 2021இலதான், அதிலயும் வெட்டுறது வெட்டுறதுதான். இந்த நிதியை வைச்சு நடத்துறது மத்திய வங்கி. ஏலத்தில நேரா வாங்கியிருக்கக்கூடிய முறிகளை, இபிஎஃப் பிறகு சந்தையில கூடின விலைக்கு வாங்கினது எண்டு விசாரணையில வந்துது. ஆரின்ர காசைக் காவல் காக்க அந்தக் கட்டடத்துக்குள்ள ஆக்களை வைச்சினமோ, அவையின்ர காசுதான் முதல் போச்சுது. கண்டி மாத்தளைப் பக்கம் லயத்தில இருக்கிற ஒரு அம்மாவிட்டப் போய் பிணைமுறி எண்டு சொன்னால் அவவுக்கு ஒண்டும் விளங்காது, அவவின்ர காசு அதுக்குள்ள இருந்தது எண்டதும் தெரியாது. ஊழலில வாற பெரிய வசதி அதுதான், பறிகுடுத்த ஆளுக்குப் பறிபோனது தெரியாது.

இப்ப நான் முதல் சொன்ன விசயத்துக்கு வாறன். சீனி 15 பில்லியன், பிணைமுறி 11 பில்லியன், அதுக்கு முதல் மத்தளை எண்டு ஒரு ஏயார்போட், 200 மில்லியன் டொலர் அளவில செலவழிச்சு 2013இல திறந்து, பிளேன் வராமல் ஒருக்கா நெல்லுக் களஞ்சியமா வைச்சிருந்தவை, அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல 99 வருசக் குத்தகைக்குச் சீனாக் கொம்பனிக்கு. (சீனாக் கடன்பொறி எண்டு இந்திய ரிவிக்காரர் நெடுகச் சொல்லுவினம், ஆனா எங்களைக் கழுத்தில பிடிச்ச கடனில பெரிய பங்கு சந்தையில வித்த டொலர் முறிகள், அந்தக் கடனை வாங்கச் சொல்லி ஒருத்தரும் எங்களை வெருட்டேல்ல.) இவ்வளவும் பெரிய காசுதான். ஆனா இதெல்லாத்தையும் விடப் பெரிய ஓட்டை விழுந்தது ஒரு சதமும் ஒருத்தரின்ர பொக்கற்றுக்குள்ளயும் நேராப் போகாத ஒரு அலுவலில.

2019 நவம்பர் 16 தேர்தல், கோட்டாபய வெல்லுறார். டிசம்பர் 1ஆம் திகதியில இருந்து வற் எண்ட பெறுமதி சேர் வரி 15 சதவீதத்தில இருந்து 8. வருசம் 12 மில்லியன் ரூபா வியாபாரம் செய்தால் வற்றுக்குப் பதிய வேணும் எண்டு இருந்ததை 300 மில்லியன் ஆக்கினம். தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி இல்லை, சம்பளத்தில மாசாமாசம் வெட்டின வரி இல்லை, வருசம் 30 லட்சம் உழைக்கிற ஆள் வரைக்கும் வருமான வரியே இல்லை. பதவிக்கு வந்து ரெண்டு கிழமைக்குள்ள இவ்வளவும் அறிவிச்சாச்சு. லட்சக்கணக்கான ஆக்கள் வரிக் கோப்பில இருந்து கழண்டிச்சினம், நானும்தான் கழண்டனான், கையில கொஞ்சம் கூடக் காசு வந்தது, சந்தோசமாத்தான் இருந்தது, பொய் சொல்லப்படாது. வருமான வரிக்கான சட்டத் திருத்தம் பாராளுமன்றத்தில நிறைவேறினது எப்ப தெரியுமோ? 2021இல. ஒரு வருசத்துக்கு மேல நாட்டின்ர வருமான வரி ஒரு அறிவித்தலில ஓடினது. 2021இல அரசாங்க வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில 8 சதவீதம் சொச்சத்துக்கு விழுந்துது, உலகத்தில அதைவிடக் குறைவா வரி சேக்கிற நாடுகளைத் தேடித்தான் பிடிக்கோணும்.

இது களவோ? சட்டப்படி இல்லை. ஊழலோ? தேர்தல் வாக்குறுதி, வாக்குறுதியை நிறைவேத்தினது, அவ்வளவுதான். ஆனா ஒழுங்கா ஒரு திறைசேரி, தன்ர சொல்லில நிக்கக்கூடிய ஒரு மத்திய வங்கி, கேள்வி கேக்கிற ஒரு பாராளுமன்றம், இந்த மூண்டில ஒண்டாவது உயிரோட இருந்திருந்தால் இது இப்பிடி நடந்திருக்காது எண்டதுதான் என்ர எண்ணம். கள்ளன் எடுக்கிறதுக்கு ஒரு அளவு இருக்கு, பை நிரம்பினால் போயிடுவான். தடுக்க ஆளில்லாத முட்டாள்தனத்துக்கு அளவு இல்லை. அதோட, கள்ளனுக்காகக் கழட்டிவிட்ட அதே பூட்டுத்தான் முட்டாள்தனத்துக்கும் கதவைத் திறந்துவிட்டது, சீனிக்கு ஒரு பூட்டு, வரிக்கு வேற பூட்டு எண்டு நாட்டில இல்லை.

மத்திய வங்கியை எடுத்துப் பாருங்கோ. 2020 ஜூன் 16, கோவிட் காலம், மத்திய வங்கியின்ர பெரிய அதிகாரியளை ஜனாதிபதி கூப்பிட்டு வைச்சு, பொருளாதாரத்தைத் தூக்கிறதுக்கு ஒரு திட்டமும் தரேல்ல எண்டு பேசுறார், அந்த வீடியோ ரிவியில போகுது. கையோட மத்திய வங்கி, வங்கியள் தன்னட்டக் கட்டாயம் வைக்க வேண்டிய ஒதுக்கு விகிதத்தைக் குறைச்சு 2 சதவீதம் ஆக்கிச்சுது. பள்ளிக்கூடத்தில பிரம்பு எடுத்த உடன கையை நீட்டுற பெடியள் மாதிரி. 2021 செப்டெம்பரில ஆளுநராக் கொண்டுவந்தது அஜித் நிவாட் கப்ராலை, அதுக்குக் கொஞ்சம் முதல் வரைக்கும் அரசியல்வாதி, ராஜாங்க அமைச்சர். வரி வருமானம் இல்லாத அரசாங்கம், வெளியில கடன் தர ஆளில்லை, ஏனெண்டா ரேட்டிங் கொம்பனியள் 2020இலயே எங்களைக் கீழ இறக்கிட்டினம், அப்ப மிச்சம் இருந்த வழி காசு அச்சடிக்கிறதுதான். மத்திய வங்கியின்ர கையில இருந்த அரசாங்கப் பத்திரங்கள் ரெண்டு வருசத்தில ஒரு ட்ரில்லியன் ரூபாவைத் தாண்டிட்டுது. காசையும் அடிச்சுக்கொண்டு டொலரை 203 ரூபாவில கட்டியும் வைச்சிருந்தவை, ரெண்டும் ஒண்டாச் செய்ய ஏலாது எண்டு ஏ.எல். பொருளியல் படிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

இந்த இடத்தில யாழ்ப்பாணத்து வீடுகளுக்குள்ள நடந்ததைச் சொல்லோணும், ஏனெண்டா நிறுவனத்தில நம்பிக்கை போறது எண்டா என்னெண்டு அதில வடிவா விளங்கும். கனடாவில இருந்து தமையன் காசு அனுப்பிறார். வங்கியால அனுப்பினால் டொலருக்கு 200 சொச்சம், வங்கிக்கு வெளியால காசு மாத்துற உண்டியல்காரர் 240, 250 தாறார், வீட்டு வாசலில கொண்டு வந்தும் தாறார். நீங்கள் என்ன செய்வியள்? எல்லாரும் உண்டியலுக்குப் போட்டினம். 2020இல வங்கியால வந்த வெளிநாட்டு உழைப்பு 7 பில்லியன் டொலர், 2021இல 5.5, 2022இல 4 பில்லியனும் இல்லை. மத்திய வங்கி தேசப்பற்றுப் பற்றி விளம்பரம் போட்டுது, அனுப்பிறவைக்கு ஊக்கத்தொகை எண்டுது, வெருட்டியும் பாத்துது. அனுப்பிற காசில அஞ்சில ஒரு பங்கை உங்களுக்குத் தானம் செய்ய எங்களுக்கு என்ன விசரோ எண்டு என்ர மாமா ஒருத்தர் ஸ்கார்பரோவில இருந்து கேட்டார், நியாயமான கேள்வி. அவர் மத்திய வங்கியை ஏமாத்தேல்ல. மத்திய வங்கி சொன்ன விலை பொய் எண்டது அவருக்குத் தெரிஞ்சிருந்தது, அவ்வளவுதான். அவரைப்போல லட்சக்கணக்கான ஆக்கள் தனித்தனிய எடுத்த அந்த முடிவிலதான் டொலர் வத்திப் போச்சுது.

பசளை விசயத்தில ஒரு திணைக்களம் ஏலாது எண்டு சொன்னது, அந்தக் கதை கட்டாயம் சொல்ல வேண்டியது. 2021 மே மாசம் ரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை, ஒரே இரவில முழு நாடும் சேதன விவசாயம். கிளிநொச்சியில பெரும்போகம் விதைச்ச ஆக்கள் யூரியாவுக்குக் களவாப் பல மடங்கு விலை குடுத்தவை, குடுக்க வசதியில்லாதவையின்ர வயல் மஞ்சளாப் போச்சுது. அந்த நேரம் சீனாவில இருந்து சேதனப் பசளை, ஹிப்போ ஸ்பிரிட் எண்டு ஒரு கப்பல், 20,000 தொன். எங்கட தாவரத் தொற்றுத்தடைகாப்புச் சேவையில இருக்கிற ஆக்கள் மாதிரியை எடுத்துப் பாத்திட்டு இதில பயிருக்குக் கேடான பக்ரீரியா இருக்கு, இறக்கவிட ஏலாது எண்டு எழுதிக் குடுத்தவை. மேலிடத்துக்கும் கோவம், சீனாவுக்கும் கோவம், காசு கட்டேல்ல எண்டு சீனத் தூதரகம் மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில போட்டுது. கப்பல் இறக்கேல்ல. ஆனா 2022 ஜனவரியில இலங்கை அந்தக் கொம்பனிக்குக் கிட்டத்தட்ட 7 மில்லியன் டொலர் கட்டினது, இறக்காத பசளைக்கு, நாட்டில பால்மா வாங்க டொலர் இல்லாத மாசத்தில. அந்த ஆய்வுகூடத்தில இருந்த ஆக்களின்ர பேர் எனக்குத் தெரியாது, இந்த முழுக் கதையிலயும் நான் தொப்பி கழட்டுறது அவைக்குத்தான்.

அதே மாசம் 18ஆம் திகதி 500 மில்லியன் டொலர் முறிக் கடனையும் கட்டினவை, கெத்தாக் கட்டினம் எண்டு ட்வீற்றும் போட்டவை. ஏப்ரல் 12ஆம் திகதி கடன் கட்ட ஏலாது எண்டு அறிவிப்பு, சுதந்திரத்துக்குப் பிறகு முதல் தரம். மே மாசம் நிதியமைச்சர் பாராளுமன்றத்தில சொல்லுறார், பாவிக்கக்கூடிய டொலர் 50 மில்லியன்கூட இல்லையெண்டு. மற்றது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, கியூ, கரண்ட் கட், செப்டெம்பரில பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம், ஓகஸ்டில மண்ணெண்ணெய் 87 ரூபாவில இருந்து 340, குருநகரில வள்ளம் கரையில. வறுமை ஒரே வருசத்தில 13 சதவீதத்தில இருந்து 25 ஆனது எண்டு உலக வங்கி சொல்லிச்சுது. பாஸ்போட் அந்த வருசம் மட்டும் 9 லட்சத்துக்கு மேல. போனவை ஆர் எண்டு பாத்தால் டொக்டர், நேர்ஸ், எஞ்சினியர், ஐரி பெடியள்.

ஒரு விசயம் எங்கட பக்கத்தில இருந்துதான் சொல்லேலும். தெற்கில கன பேர் இப்பவும் நினைக்கினம் நிறுவனங்கள் 2005க்குப் பிறகோ 2019க்குப் பிறகோதான் பழுதாப் போச்சுது எண்டு. வடக்குக் கிழக்கில இருக்கிற ஆக்களுக்கு அது எப்ப நல்லா இருந்தது எண்டதுதான் கேள்வி. 2000 டிசம்பரில மிருசுவிலில 5 வயசுப் பிள்ளை உட்பட 8 பேரைக் கொலை செய்து புதைச்ச வழக்கு, பதினஞ்சு வருசம் இழுபட்டு 2015இல ஒரு இராணுவச் சார்ஜனுக்கு மரண தண்டனை, 2019இல உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்பிடி ஒரு தீர்ப்பு வாறது எங்களுக்கு அதிசயம். 2020 மார்ச்சில, நாடு கோவிட் ஊரடங்கில கிடக்கேக்க, கோட்டாபய அவருக்குப் பொதுமன்னிப்புக் குடுத்து வெளியில விட்டார். தெற்கில சில மனித உரிமை ஆக்களைத் தவிர பெரிய சத்தம் இல்லை. 2021 ஜூனில அதே பேனையால துமிந்த சில்வாவுக்கு மன்னிப்பு, தன்ர கட்சி அரசியல்வாதி ஒருத்தரைக் கொலை செய்த வழக்கில தண்டனை பெற்றவர். அப்பத்தான் கொழும்பில சத்தம் வந்துது, 2024இல உயர் நீதிமன்றம் அந்த மன்னிப்பை ரத்தும் செய்தது. மிருசுவில் மன்னிப்பில கேள்வி கேக்காமல் விட்ட நாடு, அடுத்ததுக்கு என்ன முகத்தோட கேக்கிறது? தமிழனுக்கு எண்டு தனிய ஒரு கண்ணை மூடிப் பழகின பொலிசும் சட்டமா அதிபர் திணைக்களமும், பிறகு சீனி, பிணைமுறி எண்டு வரேக்க மற்றக் கண்ணைத் திறந்து வைச்சிருக்கும் எண்டு எதிர்பாத்தது தெற்கின்ர பெரிய கணக்குப் பிழை.

விழுந்தாப் பிறகு நடந்ததும் ஒரு தனிக் கதை. 2022 ஜூலை 9 சனம் ஜனாதிபதி மாளிகைக்குள்ள, 13ஆம் திகதி ஆள் மாலைதீவுக்கு, 14 சிங்கப்பூரில இருந்து ராஜினாமாக் கடிதம். 2023 நவம்பர் 14 உயர் நீதிமன்றம் சொல்லிச்சுது, கோட்டாபய, மஹிந்த, பசில், கப்ரால், அதோட இன்னும் சில பெரிய அதிகாரியள் சேந்து சனத்தின்ர நம்பிக்கைப் பொறுப்பை மீறிச்சினம், நெருக்கடிக்குப் பொறுப்பு எண்டு. வழக்குப் போட்டவையில ஒருத்தர் ஜூலியன் பொலிங், ஒலிம்பிக் நீச்சல்காரர். தீர்ப்பு வாசிக்க நல்லா இருந்தது. நட்டஈடு? மனுதாரருக்கு வழக்குச் செலவு 1,50,000 ரூபா. முழு நாட்டையும் விழுத்தின கேசுக்கு ஒரு செக்கண்ட்ஹாண்ட் மோட்டார்சைக்கிள் காசு.

உண்மையில செலவைக் கட்டினது ஆர்? 2023 ஜூலையில உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு எண்டு வந்துது. வங்கியளைத் தொடேல்ல, தொட்டால் வங்கி விழும் எண்டினம். தொட்டது இபிஎஃபை. பழைய முறிகளைக் குடுத்திட்டு வட்டி குறைஞ்ச புது முறிகளை எடுக்கோணும், 12 சதவீதம் கொஞ்சக் காலம், பிறகு 9. விருப்பம் எண்டால் மட்டும் மாறலாம், கட்டாயமில்லை எண்டு சொன்னவை, மாறாட்டி 14 சதவீத வரி 30 ஆகும் எண்டும் சொன்னவை. 2015இல கொள்ளையடிக்கேக்கயும் அந்தக் கொழுந்து எடுக்கிற அம்மாவின்ர காசு, 2023இல நாட்டைக் காப்பாத்தேக்கயும் அவவின்ர காசு. ரெண்டு தரமும் அவவிட்ட ஒரு சொல்லுக் கேக்கேல்ல. இதுக்கு மேல இந்தப் பொருளாதாரத்தை எனக்கு விளங்கப்படுத்தத் தெரியாது.

அரசியல் பக்கம் எனக்கு ஆகப் பயம் தந்தது 2023 மார்ச். உள்ளூராட்சித் தேர்தல் நடக்க வேண்டியது, திகதியும் குறிச்சாச்சு, வேட்புமனுவும் எடுத்தாச்சு. திறைசேரி சொல்லிச்சுது காசில்லை எண்டு. அவ்வளவுதான், தேர்தல் இல்லை. இராணுவச் சதி வேண்டாம், அவசரகாலச் சட்டம் வேண்டாம், வாக்குச்சீட்டு அடிக்கக் காசு விடமாட்டம் எண்டு ஒரு அதிகாரி சொன்னால் போதும் எண்டு அண்டைக்குத் தெரிஞ்சுது. சபையள் கலைஞ்சு, றோட்டு லைற்றுக்கும் குப்பை அள்ளுறதுக்கும் செயலாளர்மாரின்ர கையைப் பாத்துக்கொண்டு இருந்தம். அது அடிப்படை உரிமை மீறல் எண்டு 2024 ஓகஸ்டில உயர் நீதிமன்றம் சொன்னது, தேர்தல் நடந்தது 2025 மே 6. அதுக்கு முந்தின தேர்தல் 2018 பெப்ரவரி.

இதெல்லாம் சேந்து 2024இல என்ன செய்தது எண்டால், யாழ்ப்பாணத்தில 6 ஆசனத்தில 3 தேசிய மக்கள் சக்திக்குப் போச்சுது. தெற்கின்ர ஒரு கட்சி, ஜேவிபியின்ர ஆக்கள், யாழ்ப்பாணத்தில முதலாவது. எழுபது வருசமா இதை ஒருத்தரும் கற்பனை செய்திருக்க மாட்டினம். எங்கட கட்சியளின்ர சண்டையில வந்த வெறுப்பும் அதுக்குள்ள இருக்கு, அதை மறைக்கிறதில பிரியோசனமில்லை, ஆனா சனம் வாய்விட்டுச் சொன்னது கள்ளரைப் பிடிக்கட்டும் எண்டுதான். பிடிக்கினம்தான், முன்னாள் அமைச்சர்மார், பெரிய ஆக்கள் எண்டு கைதுச் செய்தி வந்துகொண்டு இருக்கு, பாக்க நல்லாத்தான் இருக்கு, வட்ஸ்அப்பில கை தட்டுற படம் போடுறதும் நடக்குது.

நான் பாக்கிறது வேற இடத்தில. 1978இல ஜே.ஆர். கொண்டுவந்த நிறைவேற்று ஜனாதிபதிப் பதவியை இல்லாமல் செய்வம் எண்டு இப்ப ஆளுற இவையும் சொன்னவை, 1994இல இருந்து வந்த கன பேரைப் போல. அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்லுறதும் சட்டமா அதிபர், அரசாங்கத்து ஆக்களில வழக்குப் போட வேண்டியதும் அதே சட்டமா அதிபர் எண்ட நிலைமையை மாத்தித் தனி வழக்குத்தொடுநர் அலுவலகம் எண்டும் சொன்னவை. 20ஆவது திருத்தத்துக்கு 156 பேர் கையைத் தூக்கினது போதுமா இருந்தது, இப்ப இவையிட்ட 159 பேர் இருக்கினம், ஒருத்தரிட்டயும் கடன் வாங்கத் தேவையில்லை, நினைச்சால் பாராளுமன்றத்தில தாங்களே நிறைவேத்தலாம். நல்ல ஆக்கள் எண்டு சொல்லீனம், இருக்கலாம். நல்ல ஆக்கள் எண்டால் தங்களைத் தடுக்கக்கூடிய ஆளைத் தாங்களே நியமிச்சுக் காட்டட்டும்.

வடமாகாண சபையின்ர காலம் முடிஞ்சது 2018 ஒக்டோபரில. திவிநெகும வழக்கில "வடக்கில சபையே இல்லையே" எண்டு உயர் நீதிமன்றம் கேட்ட நிலைமைக்குத்தான் திரும்பவும் வந்து நிக்கிறம், ஆளுநர் இருக்கிறார், சபை இல்லை. தேர்தல் எப்ப எண்டு கேட்டால் எல்லை நிர்ணயம் முடியோணும், சட்டம் திருத்தோணும் எண்டு அண்டைக்கு வந்த பதில்தான் இண்டைக்கும் வருது.